அவரைக்காய் காலோட ஒரு ஊசித்தட்டான்: அம்பருக்குள்ள செத்துக் கெடக்குறத வெச்சு "ஆடுச்சு"ன்னு சொல்லலாமா?

3 மார்ச் 2024, வாசகர் கேள்வி

பர்மா அம்பருக்குள்ள கெடச்ச ஊசித்தட்டான் ஒண்ணப் பத்திப் படிச்சேன். பத்து கோடி வருசம் பழசாம், கால் அகலமா இருக்காம், அதனால அது பொண்ணு முன்னாடி டான்ஸ் ஆடுச்சாம். செத்துப்போன பூச்சி ஆடுச்சா ஓடுச்சான்னு காலப் பாத்து எப்படிங்க சொல்றது? எனக்கென்னமோ கத விடுற மாதிரிதான் படுது. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

3 மார்ச், இரவு

கத இல்லைங்க, ஆனா நீங்க கேக்குறது நியாயமான கேள்விதான். நீங்க படிச்சது யிஜென்பிளாட்டிக்நெமிஸ் ஹுவாங்கியா இருக்கும். 2017ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல வந்துச்சு, சீனாவோட நான்ஜிங் புவியியல் தொல்லுயிரியல் நிறுவனத்து செங் தாரன், வாங் போ, பாரிஸ் ஆந்த்ரே நெல் எல்லாம் சேந்து எழுதுனது. மூணு பூச்சி, மூணும் ஆண். கால்ல முழங்காலுக்குக் கீழ வர்ற பகுதி, அதாவது டிபியா, சாதாரண ஊசித்தட்டானுக்கு முள்ளு வெச்ச குச்சி கணக்கா இருக்கும், இதுக்கு அது தட்டையா அகண்டு அவரைக்காய் மாதிரி ஆயிருக்கு. அந்த அகலத்துக்கு நடுவுல கண்ணு போல ஒரு புள்ளி வேற. பொறுமையா எழுதணும், நாளைக்கு வர்றேன்.

4 மார்ச்

ஒரு விசயத்த முதல்ல சொல்லிடறேன். அம்பர் கல்லு இல்ல, மரப்பிசின். வழிஞ்சு, மண்ணுல பொதஞ்சு, கோடிக்கணக்கான வருசத்துல இறுகுனது. சேத்துல அமுங்குன தட்டான்ல பெரும்பாலும் எறகுதான் மிஞ்சும், அதுவும் தட்டையா. பிசின்ல மாட்டுனது முப்பரிமாணமா நிக்கும், கால் முள்ளக்கூட எண்ணலாம், மேல இருக்குற கரும்பட்டையும் தெரியும். கால வெச்சு பேசுற மாதிரி ஒரு ஆராய்ச்சி அம்பர்ல வந்ததுக்குக் காரணமே அதுதான்.

பத்து கோடி வருசம்னு எப்படிச் சொல்றாங்கங்கறதையும் சொல்லிடறேன். அந்த சுரங்கம் இருக்கறது மியான்மர் கச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்குல, தனாய் பக்கம். அம்பர் ஒட்டியிருந்த எரிமலைச் சாம்பல் கலந்த பாறையில இருந்து சிர்கான்ங்கற கனிம மணிகள எடுத்து, யுரேனியம் ஈயமா மாறுற கணக்குல 2012ல வயசு பாத்தாங்க. 98.79 மில்லியன் வருசம், கூடக் குறைய 0.62 மில்லியன். பாறையோட வயசு அது, அம்பர் அதவிட கொஞ்சம் மூத்ததா இருக்கலாம். உங்க பத்து கோடி சரிதான்.

4 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

இப்ப கேள்விக்கு வர்றேன். ஆடுச்சுன்னு அந்த கால் மட்டும் சொல்லல. அதே குடும்பத்துல இன்னைக்கு உசுரோட இருக்கறதுங்க ஆடுது, அதுங்களுக்கும் கால் அகலம், அதனாலதான் சொல்றாங்க.

ஐரோப்பாவுல பிளாட்டிக்நெமிஸ் பென்னிப்பெஸ்னு ஒரு ஊசித்தட்டான் ரொம்ப சாதாரணமா பறக்கும். ஆணுக்கு டிபியா வெள்ளையா, இறகு மாதிரி கொஞ்சம் அகண்டிருக்கும். இன்னொரு ஆண் பக்கத்துல வந்தா காலத் தொங்கவிட்டு மெரட்டும், பொண்ணு வந்தாலும் அதே காலக் காட்டும். லாவோஸ் பக்கம் பிளாட்டிக்நெமிஸ் ஃபாஸ்மோவோலன்ஸ்னு ஒண்ணு, 2003லதான் பேர் வெச்சாங்க. அதுக்கு வெள்ளைக் கால் எவ்வளவு பெருசுன்னா, ஓடைக்கு மேல பறக்கறப்போ பூச்சி தெரியாது, நாலு வெள்ளைத் துண்டு தனியா மெதந்து வர்ற மாதிரிதான் தெரியும். போட்டோவுல பாத்தப்போவே எனக்கு மூச்சு நின்னுச்சு. நேர்ல ஒரு தடவ பாத்துடணும்னு ரொம்ப நாளா ஆச.

ஹுவாங்கி இதையெல்லாம் தூக்கி சாப்பிடுது. இப்ப இருக்குற எதுக்கும் அந்த அளவுக்கு டிபியா பெருக்கல.

5 மார்ச்

"அகலக் கால் பூச்சி பிடிக்கறதுக்குக் கூட இருக்கலாமே"ன்னு ஒரு தம்பி எழுதியிருக்காரு. நல்ல கேள்வி தம்பி. ஊசித்தட்டான் பறந்துக்கிட்டே எரையப் பிடிக்கறப்போ கால்ல இருக்குற முள்ளெல்லாம் சேந்து ஒரு கூடையாகிடும். அதுக்கு வேண்டியது நீளமான முள்ளு, தட்டையான பலகை இல்ல. பலகை வந்தா காத்து எதுத்து நிக்கும், பறக்க கூடுதல் பாடு, தப்பிச்சு ஓடவும் லேட் ஆகும். இவ்வளவு எடஞ்சல் தர்ற ஒரு உறுப்பு ஏன் கழிஞ்சு போகாம பெருசாகுதுன்னு கேட்டா, பரிணாமத்துல அடிக்கடி கெடைக்கற பதில் பாலினத் தேர்வுதான், அதாவது ஜோடி சேர உதவுறது நெலைச்சு நிக்கும். மயில் தோகை இருக்குல்ல. அந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே அழிஞ்சுபோன ராட்சத மான் மெகலோசெரஸோட கொம்ப எடுத்துக்காட்டா சொல்றாங்க, அந்தக் கொம்பு ஒரு முனையில இருந்து மறு முனைக்கு 3.5 மீட்டர் வரைக்கும் போகும். ஆமோட்ஸ் ஜஹாவி 1975ல சொன்ன வாதமும் இங்க பொருந்தும்: இவ்வளவு பாரத்த தூக்கிக்கிட்டும் உசுரோட இருக்கேன் பாருன்னு காட்டுறதே ஒரு தகுதி.

5 மார்ச், இரவு

நம்ம ஊர்ல இதுக்கு ஒறவு இருக்கான்னு கேட்டவங்களுக்கு. இருக்கு, ரொம்பக் கிட்டவே இருக்கு. கோப்பெரான்னு ஒரு பேரினம், ஹுவாங்கியோட அதே பிளாட்டிக்நெமிடிடே குடும்பம். கோப்பெரா மார்ஜினிப்பெஸ் ஆணுக்கு கால் நல்ல மஞ்சள். வாய்க்கால் ஓரம், நிழல் விழுற குட்டைப் பக்கம், செடியோட அடித்தண்டுல தாழ்வா உக்காந்திருக்கும். புதுசா தோலுரிச்சு வந்தது ஒடம்பு மொத்தமும் வெள்ளையா இருக்கும், அத வேற இனம்னு நெனச்சு ஏமாறாதவங்க கம்மி. பறக்கறப்போ கால மடக்கி வெச்சுக்காம முன்னாடி தொங்கவிட்டுக்கிட்டே போகும், அந்த மஞ்சள் தனியா தெரியும். முட்டை போடறப்போ ஆணும் பொண்ணும் இணைஞ்சே இருக்கும், பொண்ணு கழுத்தப் பிடிச்சுக்கிட்டு ஆண் மேல செங்குத்தா நிக்கும்.

ஆனா நான் கால் ஆட்டத்த நல்லா பாத்தது இதுகிட்ட இல்ல. ஹெலியோசிஃபா பைசிக்னேட்டா கிட்ட. அது வேற குடும்பம், குளோரோசிஃபிடே. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைங்கள்ல பாறை மேல உக்காந்திருக்கும், எறகு கருப்பு, வெயில் பட்டா அதுல செம்பு கலந்த ரோஸ் மின்னும், வயிறு எறகவிட குட்டை. நிக்கறப்போ கால் கருப்பாதான் தெரியும். உள்பக்கம் வெள்ளைப் பொடி பூசுன மாதிரி இருக்கும், அது உக்காந்திருக்கும்போது கண்ணுல படாது. நான் ஒரு பாறை மேல முழங்கால் வரைக்கும் தண்ணியில விட்டுட்டு அசையாம உக்காந்திருந்தேன், ரெண்டு ஆண் நேருக்கு நேரா அந்தரத்துல நின்னு, ஒண்ணு மூஞ்சிக்கு ஒண்ணு கால நீட்டிடுச்சு. அப்பதான் அந்த வெள்ளை தெரியுது. ஒண்ணு பின்னாடி நகந்தா இன்னொண்ணு முன்னாடி வரும், ரெண்டும் மெதுவா மேல ஏறும், திரும்ப எறங்கும். ஒண்ணையொண்ணு தொடவே இல்ல. கடைசியில ஒண்ணு விலகிப் போயிடுச்சு, ஜெயிச்சது அதே பாறைக்கு வந்து உக்காந்துச்சு, வெள்ளை மறுபடி மறைஞ்சு போச்சு.

இத நேர்ல பாத்தவங்களுக்கு ஹுவாங்கி கால் எதுக்குன்னு ரொம்ப விளக்க வேண்டியதில்ல.

6 மார்ச்

நேத்து எழுதுனத திரும்பப் படிச்சேன். ஒரு எடத்துல இன்னும் கறாரா இருக்கணும். பிளாட்டிக்நெமிடிடேயும் குளோரோசிஃபிடேயும் ஒரே முன்னோர்கிட்ட இருந்து அகலக் கால வாங்கல, தனித்தனியா அந்த நெலைக்கு வந்திருக்கு. ஆப்பிரிக்காவுல பிளாட்டிசிஃபான்னு குளோரோசிஃபிடேல இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் அகலக் கால், அதுவும் பொண்ணு முன்னாடி கால விரிச்சு ஆடும். அப்போ வாதம் இன்னும் பலமாகுது. வேற வேற கிளையில கால் அகலமாகறப்போ எல்லாம் அது காட்டறதுக்குத்தான் பயன்படுதுன்னா, பத்து கோடி வருசத்துக்கு முன்னாடி அகலமானதும் அதுக்குத்தான்னு நெனக்கறது அதிகப்படியான ஊகம் இல்ல. ஆனாலும் ஊகம்தான். கட்டுரைத் தலைப்புலயே "அநேகமா"ங்கற மாதிரி ஒரு சொல்லு போட்டுத்தான் எழுதியிருக்காங்க, செய்தியில வர்றப்போ அந்தச் சொல்ல உருவிட்டு "டான்ஸ் ஆடுச்சு"ன்னு போட்டுடறாங்க. உங்களுக்கு எரிச்சல் வந்ததுக்குக் காரணம் அதுதான்னு நெனக்கறேன்.

6 மார்ச், மதியம்

கண்ணு போல புள்ளின்னு சொன்னேன்ல, அதுதான் என்னை ராத்திரி தூங்க விடல. பட்டாம்பூச்சி, கும்புடு பூச்சி எல்லாத்துலயும் கண்புள்ளின்னா நமக்கு முதல்ல வர்றது எதிரிய மெரட்டறது, இல்ல எதிரி தலைய விட்டுட்டு அந்த எடத்தக் கொத்துற மாதிரி திசை திருப்பறது. அப்போ ஹுவாங்கியோட காலும் பல்லி கிட்ட இருந்து தப்பிக்கறதுக்கான வேசமா இருக்கக் கூடாதா? எதிரிக்கு ஆணுன்னு பொண்ணுன்னு பேதம் கெடையாதே, மெரட்டறதுக்குன்னா பொண்ணுக்கும் அதே கால் வேணும். பேர் வெச்ச மூணும் ஆணா இருக்கறது எனக்குப் பெரிய துப்பு. பொண்ணு கால் குச்சியா இருந்தா வழக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுது. பொண்ணுக்கும் அவரைக்காய்னா நான் எழுதுனது மொத்தமும் ஆட்டம் காணும். ரெண்டு வேலையும் ஒரே கால் செஞ்சிருக்கலாங்கறதையும் ஒதுக்க முடியாது, இயற்கை அப்படி எத்தனையோ செஞ்சிருக்கு.

ஆண்தான்னு எப்படித் தெரியும்னா, அம்பர்ல வயித்து நுனி கெடச்சா இணைசேர உதவுற கொக்கி தெரியும், ரெண்டாவது வயித்துக் கண்டத்துக்குக் கீழ ஆணுக்கு மட்டும் இருக்குற துணை உறுப்பும் தெரியும். தட்டான் வகைக்கு அது தப்பாத அடையாளம்.

7 மார்ச்

குடும்பம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேக்குறவங்க எறக நரம்ப பாருங்க. மேல் ஓரத்துல நடுவுக்கு முன்னாடி ஒரு முடிச்சு வரும், அடிப்பக்கம் நாலு பக்கமுள்ள ஒரு கட்டம் வரும். குட்டையில சாதாரணமா சுத்துற சீனக்ரியோனிடே ஊசித்தட்டானுக்கு அந்தக் கட்டம் வெளி மூலையில கூர்மையா சரிஞ்சிருக்கும், பிளாட்டிக்நெமிடிடேவுக்கு ஏறக்குறைய நேர் செவ்வகமா இருக்கும். செத்த கோப்பெரா கெடச்சா எறகப் பத்து மடங்கு லென்ஸ்ல வெச்சுப் பாருங்க, கட்டம் பளிச்சுன்னு தெரியும்.

8 மார்ச்

"தண்ணிப் பூச்சி மரப்பிசின்ல எப்படி மாட்டுச்சு?" இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

தட்டான் வகை அம்பர்ல அபூர்வம்தான். பெரிய தட்டான் பலசாலி, ஒட்டுனாலும் பிச்சுக்கிட்டுப் போயிடும், அதோட அது சுத்தறது தண்ணி மேல. ஊசித்தட்டான் மெலிசு, காத்தடிச்சா ஒதுங்கும், ராத்திரி செடியிலயோ மரத்துலயோ தங்கும், மாட்ட வாய்ப்பு அதிகம். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் பர்மாவுல இல்ல, டொமினிக்கன் அம்பர்ல. டைசெராட்டோபேசிஸ் வொர்க்கின்னு அழிஞ்சுபோன ஊசித்தட்டான், ஜார்ஜ் பாய்னர் 1996ல பேர் வெச்சாரு. அதே பேரினத்துல ஜமைக்காவுல இன்னைக்கும் ஒண்ணு இருக்கு, அதோட குஞ்சு குளத்துல வளராது, மரத்து மேல ஒட்டி வளர்ற பிரமிலியாட் செடி இலைக்கு நடுவுல தேங்குற தண்ணியில வளரும். அன்னாசிக் குடும்பத்துச் செடி அது. வொர்க்கியும் அப்படித்தான் வாழ்ந்திருக்கும்னா அது பொறந்து வளந்ததே பிசின் வழியுற மரத்து மேலதான். அந்தப் பிசின் மரம் ஹைமெனியா, நம்ம புளியமரத்தோட அதே துணைக்குடும்பம்.

8 மார்ச், இரவு

ஜீன் எடுத்து திரும்ப உண்டாக்கலாமான்னு ரெண்டு பேர். முடியாது. 1993ல லெபனான் அம்பர்ல இருந்த கூன்வண்டுல டிஎன்ஏ எடுத்தோம்னு நேச்சர்ல வந்துச்சு, அதுக்கப்புறம் வேற லேப்ல செஞ்சு பாத்தவங்களுக்குக் கெடைக்கவே இல்ல. அம்பரா மாறாத இளம் பிசின் கோப்பல்ல இருந்த பூச்சியிலயே 2013ல தேடிப் பாத்து நம்பகமா எதுவும் வரல. பத்து கோடியெல்லாம் பேச்சுக்கே எடமில்ல.

10 மார்ச்

அம்பர் வாங்கலாம்னு ஒரு அக்கா லிங்க் அனுப்பிக் கேட்டிருந்தாங்க, உள்ள ஊசித்தட்டான் நல்லா எறக விரிச்சு நடுவுல நிக்குது. அக்கா, அவ்வளவு அழகா போஸ் கொடுத்து நின்னா முதல்ல சந்தேகப்படுங்க. மாட்டுன பூச்சி போராடியிருக்கும், கால் முறுக்கிக் கெடக்கும், எறகு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பக்கத்துல குமிழி, தூசி, மரத்தூள் இருக்கும். தெரிஞ்சவர் ஒருத்தர் ஆன்லைன்ல வாங்குன டாலர என்கிட்ட கொண்டு வந்தாரு, உப்பு கரையற அளவுக்குக் கரைச்சு தண்ணியில போட்டோம், நேரா அடியில போய் உக்காந்துச்சு. நெசமான அம்பர் கெட்டி உப்புத்தண்ணியில மெதக்கும். புற ஊதா டார்ச் அடிச்சா நீலமா ஒளிரும், இது ஒளிரவே இல்ல. பாவம், அவர் மொகம் சுண்டிப் போச்சு. மெதக்கறதால மட்டும் நெசம்னு ஆகாது, கோப்பலும் மெதக்கும்.

பெரிய மியூசியமே ஏமாந்திருக்கு. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல பால்டிக் அம்பர்ல ஒரு ஈ ரொம்ப வருசம் மதிப்பா இருந்துச்சு, 1993ல ஆண்ட்ரூ ராஸ் பாத்தப்போதான் தெரிஞ்சுது, யாரோ அம்பர ரெண்டா வெட்டி உள்ள குடைஞ்சு இப்போதைய ஈய வெச்சு ஒட்டியிருந்தாங்கன்னு.

11 மார்ச்

நெசமானதா இருந்தாலும் பர்மா அம்பர வாங்காதீங்கன்னு சொல்லுவேன். இத நான் அழுத்தியே சொல்றேன்.

ஹுகாங் பள்ளத்தாக்குல கச்சின் விடுதலைப் படைக்கும் மியான்மர் ராணுவத்துக்கும் சண்டை ரொம்ப காலமா. 2017 ஜூன்ல ராணுவம் ஹெலிகாப்டர்ல துண்டுச்சீட்டு போட்டு சுரங்கப் பகுதிய விட்டு எல்லாரையும் போகச் சொல்லிட்டு அந்த எடத்தப் பிடிச்சுது. ஆயிரக்கணக்கான பேர் வீடு வாசல் விட்டு ஓடுனாங்க. எடுத்த அம்பர் எல்லை தாண்டி சீனாவோட யுன்னான் தெங்சோங் சந்தைக்குப் போகும். முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கம் 2020ல, 2017க்குப் பின்னாடி வெளிய வந்த பர்மா அம்பர் மாதிரிகள வெச்சு வர்ற கட்டுரைய நிறுத்தி வைங்கன்னு பத்திரிகைகளுக்குக் கடிதமே எழுதுச்சு. 2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்புக்கு அப்புறம் நெலம இன்னும் மோசம்.

எனக்கு இது லேசான விசயம் இல்ல. ஹுவாங்கிய நான் இவ்வளவு கொண்டாடறேன், அதே நேரத்துல அந்த மாதிரி துண்டு ஒண்ண வெளிய கொண்டுவர ஆழமான குறுகுன குழிக்குள்ள எறங்குனவங்க யாரோ ஏழை ஆளுங்க. அவங்க பேர் எந்தக் கட்டுரையிலயும் வராது. இனத்துக்கு வெச்ச பேரு அந்த அம்பர் துண்டக் கொடுத்த சேகரிப்பாளர் பேரு. தானம் கொடுத்தாரு, சரி, மரியாதை செய்யட்டும். தோண்டுனவங்களுக்கும் ஒரு வரி எழுதலாமே.

12 மார்ச்

"அப்போ ஆராய்ச்சியே வேணாமா?"ன்னு கோவமா ஒருத்தர். அப்படிச் சொல்லல. வெளிய வந்துட்ட மாதிரிகள் பொது மியூசியத்துல எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கணும், மியான்மர் ஆராய்ச்சியாளர்களும் கூட இருக்கணும், அவ்வளவுதான். தனியார் கையில இருந்தா மறுபரிசோதனை நின்னு போகும். 2020 மார்ச்ல இதே அம்பர்ல இருந்த ஒரு மண்டையோட்ட ரொம்பச் சின்ன டைனோசர்னு நேச்சர்ல போட்டாங்க, ஓக்குலுடென்டாவிஸ். ஜூலையிலயே அந்தக் கட்டுரையத் திரும்ப வாங்கிட்டாங்க, அது பல்லி வகை. அதே வகை இருந்த இன்னொரு அம்பர் துண்டு பாக்கக் கெடச்சதாலதான் உண்மை வெளிய வந்துச்சு. ஹுவாங்கி விசயத்துலயும் ஒரு பொண்ணு பூச்சி பொது சேகரிப்புக்கு வந்தா போதும், ஆறாந்தேதி மதியம் நான் எழுதுன சந்தேகத்துக்கு முடிவு கெடைக்கும்.

14 மார்ச்

நம்ம நாட்டுலயும் அம்பர் இருக்கு, யாரும் கேக்கலன்னாலும் சொல்றேன். குஜராத்துல வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல, 5 கோடி வருசத்துக்கும் மேல பழசு, 2010ல விரிவா எழுதுனாங்க. அந்தப் பிசின் டிப்டெரோகார்ப் மரத்தோடது, நாம சாம்பிராணியோட சேத்துப் போடற வெள்ளைக்குங்கிலியம் மரம் இருக்கே, அந்தக் குடும்பம்.

இன்னொரு விசயம், பர்மா நிலம் அந்தக் காலத்துல இப்ப இருக்குற எடத்துலயே இல்ல. பாறைக் காந்தத்த வெச்சு 2019ல வந்த ஆராய்ச்சிப்படி அது நிலநடுக்கோட்டுப் பக்கத்துல ஒரு தீவு, அப்புறமா இந்தியத் தட்டோட கூடவே வடக்க நகந்திருக்கு. அந்தக் காடு கடலோரம்கிறதுக்கு அம்பருக்குள்ள இருந்த அம்மோனைட்ங்கற அழிஞ்சுபோன கடல் உயிரியோட ஓடே சாட்சி. இதக் கேட்டதும் "அப்போ நம்ம மலைப் பூச்சியெல்லாம் அங்க இருந்து வந்ததா"ன்னு மனசு பாயும், எனக்கும் பாஞ்சுது. ஹுவாங்கிய நம்ம கோப்பெராவுக்கு நேர் பாட்டன்னு யாரும் காட்டல. ஒரே குடும்பம்ங்கறதோட நிறுத்திக்கறேன்.

ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லலாம். அதே அம்பர்ல மெசோஸ்டிக்டான்னு ஒரு பேரினம், 2015ல பேர் வெச்சது, பிளாட்டிஸ்டிக்டிடே குடும்பம். அதுல இன்னொரு இனத்துக்கு 2017ல டேவிட் அட்டன்பரோ பேரையே வெச்சாங்க. அந்தக் குடும்பம் இன்னைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில புரோட்டோஸ்டிக்டாவா இருக்கு, இலங்கைக் காட்டோடையில சிலோனோஸ்டிக்டாவா இருக்கு. நூல் மாதிரி நீள வயிறு, இருட்டுக் காட்டுல ஓடைக்கு மேல தொங்குற வேர்ல உக்காந்திருக்கும், நகரவே நகராது. ஓடைமேல நிழல் போச்சுன்னா அதுவும் போச்சு. ஓடையோர மரத்த வெட்டி பாதை போடறவங்ககிட்ட இதத்தான் நான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன்.

17 மார்ச்

முதல்ல கேள்வி கேட்டவர் தனியா எழுதியிருந்தாரு, அடுத்த மாசம் மலைக்குப் போறாராம், ஹெலியோசிஃபா பாக்கணுமாம், எப்படிப் பாக்கறதுன்னு. சார், வெயில் ஓடை மேல நேரா விழுற நேரமா பாத்துப் போங்க, பாறை இருக்குற ஆழமில்லாத எடத்துல உக்காருங்க, நடந்துக்கிட்டே இருந்தா எதுவும் ஆடாது. போன்ல ஸ்லோ மோஷன் போட்டு வெச்சுக்குங்க. கவனிக்க வேண்டியது இதுதான்: ஆண் எதிர்ல வந்தப்போ எந்தக் கால நீட்டுது, பொண்ணு வந்தப்போ எந்தக் கால நீட்டுது, ரெண்டும் ஒண்ணா, அப்ப எறக எப்படி வெச்சிருக்கு. பொண்ணு எறகு மின்னாது, பழுப்பா இருக்கும், பாசி படிஞ்ச கட்டை மேல முட்டை போட வரும், அந்தக் கட்டைய விட்டு கண்ண எடுக்காதீங்க. வீடியோ கெடச்சா ஒடனே இங்க போடுங்க, மங்கலா இருந்தாலும் பரவால்ல.

கையில பிடிக்காதீங்க. அந்த வெள்ளைப் பொடி வெரல்ல ஒட்டிக்கும்.